கம்பி இழுப்பதா, முழுக் கொலுசா?

கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் படிப்பை முடித்த அக்கா மகன், இரண்டு பணி ஆணைகளோடு வந்து உட்கார்ந்தான். ஒன்று, சென்னையில் பல்லாயிரம் பேர் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனம். மற்றொன்று, பெங்களூரில் 14 பேர் மட்டுமே உள்ள ஸ்டார்ட்அப். சம்பளமும் அதிகம், போதாததற்குப் பங்குகள் வேறு. “மாமா, எதில் சேரட்டும்?” என்றான். அக்காவைக் கேட்டால் சேலம் உருக்காலை என்பாள். அவன் விண்ணப்பமே போடாத இடம் அது.

வேலை எப்படியிருக்கும் என்று சொல்ல, வெள்ளிக் கொலுசு செய்யும் சேலம் செவ்வாய்ப்பேட்டையே போதும். அங்கே கொலுசு ஒரே கையில் உருவாவதில்லை. கம்பி இழுப்பவர் ஒருவர், பற்றவைப்பவர் ஒருவர், மெருகேற்றுபவர் இன்னொருவர். பெரிய நிறுவனமும் அப்படித்தான். கம்பி இழுக்க நன்றாகவே கற்றுக்கொடுப்பார்கள். இரண்டு வருடம் போனாலும் முழுக் கொலுசைக் கண்ணால் பார்க்காமல் இருக்கலாம். வேலை ஒதுக்காமல் பெஞ்சில் உட்காரவைத்தாலும் சம்பளம் வந்துவிடும். ஸ்டார்ட்அப்பில் வெள்ளியை உருக்குவதிலிருந்து வாடிக்கையாளரிடம் வசவு வாங்குவது வரை எல்லாம் நம் தலையில். ஆறே மாதத்தில் நிறையக் கற்கலாம், பிழையைச் சுட்டிக்காட்ட மூத்த பொறியாளர் ஒருவராவது இருந்தால். இல்லாவிட்டால் தவறாகச் செய்வதையே வேகமாகச் செய்யப் பழகிவிடுவோம். நான் அப்படிப் பழகியவன். அதைத் திருத்திக்கொள்ள அடுத்த வேலையில் ஒரு வருடம் பிடித்தது.

பையனின் கண்ணில் மின்னியதோ பங்குதான். 2010இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் 2021இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது, 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று அதன் நிறுவனரே சொன்னார். அதற்குப் பதினோரு வருடம் ஆயிற்று என்பதை இவன் கவனிக்கவில்லை. இவனுக்குத் தருவது பங்கு அல்ல, பின்னாளில் பங்கு வாங்கும் உரிமை. சட்டப்படி முதல் வருடம் அதில் எதுவும் கைக்கு வராது. முழுவதும் சேர வழக்கமாக நான்கு வருடம். வாங்கும் நாளில், பங்கின் மதிப்புக்கும் நாம் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சம்பளமாகக் கணக்கிட்டு வருமான வரி போடுவார்கள், அந்தப் பங்கை விலைக்குக் கேட்க ஓர் ஆள் இல்லாவிட்டாலும். தகுதி பெற்ற சில ஸ்டார்ட்அப்களின் ஊழியர்களுக்கு மட்டும் அந்த வரியைத் தள்ளிக் கட்டும் சலுகை உண்டு. கணக்கில் பங்குக்கு நேரே பூஜ்யம் போடச் சொன்னேன். முகம் வாடிவிட்டது.

வருங்கால வைப்பு நிதி, 20 பேராவது வேலை பார்க்கும் இடத்தில்தான் கட்டாயம். 14 பேர் உள்ள இடத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும் என் மனம் பெங்களூர்ப் பக்கம்தான் சாய்ந்தது. நிறுவனத்தின் கையிருப்பு எத்தனை மாதச் சம்பளத்துக்குக் காணும், என் வேலையைப் பார்த்துத் திருத்துவது யார் என்ற இரண்டை மட்டும் கேட்கச் சொன்னேன். முதல் கேள்விக்கு நிறுவனர் தயங்காமல் 18 மாதம் என்றார். இரண்டாவதற்கு, “இங்கே எல்லோரும் உங்களைப்போல இளைஞர்கள்தான்” என்று பெருமையாகச் சொன்னாராம்.

ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். அக்கா இன்னும் உருக்காலை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.