பிரிக்பீல்ட்ஸில் நான்கு சனிக்கிழமைகள்: வகுக்காமலேயே வகுபடுமா என்று அறியும் வகுப்பு

ஐந்தாம் ஆண்டில் படிக்கும் என் மகளைக் கடந்த மாதம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் உள்ள ஒரு பயிற்சி மையத்தின் கணித வகுப்பில் சேர்த்திருந்தேன். ஒரு பெரிய எண் இன்னோர் எண்ணால் மீதியின்றி வகுபடுமா என்பதை நீள்வகுத்தல் செய்யாமல் கண்டறிவது மட்டுமே அங்கே பாடம். நான்கு சனிக்கிழமைகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், பயிற்சி நூலையும் சேர்த்து 160 ரிங்கிட். பெற்றோர் பின்வரிசையில் அமர்வதற்கு ஆசிரியை இசைந்ததால் நான்கு வகுப்புகளையும் நான் முழுமையாகப் பார்த்தேன்.

முதல் வகுப்பில் 2, 5, 10 ஆகியவற்றைப் பத்து நிமிடங்களில் முடித்துவிட்டு, 4-க்குக் கடைசி இரண்டு இலக்கங்களும் 8-க்குக் கடைசி மூன்று இலக்கங்களும் போதும் என்பதைக் காட்டினார். 9-க்கு வந்தபோதுதான் இந்த ஆசிரியையின் தரம் எனக்குப் புலப்பட்டது. இலக்கங்களைக் கூட்டிப் பார் என்ற விதி எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்பே தெரியும். அது ஏன் பலிக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் நூறு கடலையை மேசையில் கொட்டி, ஒன்பது கிண்ணங்களில் சமமாகப் பங்கிடச் சொன்னார். ஒன்று மிஞ்சியது. பத்தைப் பங்கிட்டாலும் ஒன்று, ஆயிரத்தைப் பங்கிட்டாலும் ஒன்றுதான் மிஞ்சும் என்று பிள்ளைகளே சொன்னார்கள். அப்படியானால் 4,572 என்ற எண்ணில் ஆயிரங்களிலிருந்து 4, நூறுகளிலிருந்து 5, பத்துகளிலிருந்து 7, ஒன்றுகளிலிருந்து 2 எனக் கடலைகள் மிஞ்சும். அவற்றைச் சேர்த்தால் 18, அதுவும் ஒன்பது கிண்ணங்களுக்குச் சமமாகப் போய்விடும். இடமதிப்பைப் பற்றிப் பள்ளியில் மூன்று ஆண்டுகளாகக் கேட்டு வந்ததை என் மகள் அன்றுதான் உணர்ந்தாள் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் வகுப்பின் பெரும்பகுதி 7-க்கே போனது, அது தகும். கடைசி இலக்கத்தை இரட்டித்து, எஞ்சிய எண்ணிலிருந்து கழிக்க வேண்டும்; வரும் விடை 7-ஆல் வகுபட்டால் முதல் எண்ணும் வகுபடும். "டீச்சர், ஏன் இரட்டிக்கணும்?" என்று ஒரு பையன் கேட்டதும், அதற்காகவே காத்திருந்தவர்போல் அவர் பலகைப் பக்கம் திரும்பினார். கடைசி இலக்கத்தின் இருமடங்கைப் பத்துகளின் இடத்திலிருந்து கழிக்கும்போது உண்மையில் அதன் இருபது மடங்கு போகிறது. கடைசி இலக்கமும் நீங்குவதால் மொத்தம் இருபத்தொரு மடங்கு போகிறது. 21 என்பது 7-இன் மடங்கு ஆகையால் வகுபடும் தன்மை மாறுவதில்லை. இதே வழியில் 51-ஐக் கொண்டு 17-க்கான விதியையும் (கடைசி இலக்கத்தின் ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும்), 39-ஐக் கொண்டு 13-க்கான விதியையும் (நான்கு மடங்கைக் கூட்ட வேண்டும்) பிள்ளைகளையே வருவிக்கச் செய்தார். விதியை மறந்தாலும் மீண்டும் தாமே உண்டாக்கிக்கொள்ளலாம் என்ற துணிவு அந்த ஒரே வகுப்பில் அவர்களுக்கு வந்தது. நான் கட்டிய பணத்துக்கு இது ஒன்றே ஈடாகும்.

மூன்றாம் வகுப்பில் 52,374,693 என்ற எண்ணை எழுதினார். இரட்டித்துக் கழிக்கும் முறையில் ஆறு படிகளுக்குப் பிறகு 42 வந்தது. வகுபடும் என்று தெரிந்தது. பிறகு அதே எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, 693-இலிருந்து 374-ஐக் கழித்து 52-ஐக் கூட்டச் சொன்னார். 371. அது 7 முறை 53. ஒரே படியில் வேலை முடிந்தது. 7, 11, 13 ஆகிய மூன்றையும் பெருக்கினால் 1001 வருவதால் இந்த ஒரே கணக்கு மூன்று எண்களுக்கும் பயன்படுகிறது. 371 என்பது 11-ஆலோ 13-ஆலோ வகுபடாததால் அந்தப் பெரிய எண்ணும் அவற்றால் வகுபடாது. இந்த முறை மீதியையும் மாற்றாமல் காட்டுகிறது. இரட்டித்துக் கழிக்கும் முறைக்கு அந்தச் சிறப்பு இல்லை. 15-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1, ஆனால் இரட்டித்துக் கழித்தால் கிடைக்கும் எண்ணை 7-ஆல் வகுத்தால் மீதியாக அந்த 1 வருவதில்லை. பயிற்சி நூலில் இல்லாத இந்த வேறுபாட்டை ஆசிரியை தாமாகவே எடுத்துச் சொன்னதைப் பாராட்ட வேண்டும்.

பயிற்சி நூலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அச்சும் தாளும் நன்று. கணக்குகளும் போதுமான அளவு உள்ளன. ஆனால் ஓர் எண் 4-ஆலும் 6-ஆலும் வகுபட்டால் 24-ஆலும் வகுபடும் என்று ஓரிடத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். 12 இரண்டாலும் வகுபடுகிறது, 24-ஆல் வகுபடுமா? 4-க்கும் 6-க்கும் 2 என்ற பொதுக் காரணி இருப்பதால் அந்த இணை செல்லாது. பொதுக் காரணி இல்லாத 3-ஐயும் 8-ஐயும் கொண்டே சோதிக்க வேண்டும். பிள்ளைகள் எளிதில் வழுக்கி விழும் இடம் இதுதான் என்பதால், இதை எழுத்துப் பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வகுப்பு முடிந்ததும் சுட்டிக்காட்டினேன். ஆசிரியை உடனே ஒப்புக்கொண்டு அடுத்த வாரம் பலகையில் திருத்தினார். மைய அலுவலகமோ திருத்திய பக்கத்தை இன்றுவரை அனுப்பவில்லை.

நான்காம் வகுப்பில் அவசரம் தெரிந்தது. 19, 37, பிறகு எந்த எண்ணுக்கும் பொருந்தும் மீதி வரிசை ஆகிய மூன்றையும் இரண்டு மணி நேரத்துக்குள் திணித்தார்கள். 1, 10, 100 என்று போகும் எண்களை 7-ஆல் வகுத்தால் மீதிகள் 1, 3, 2, 6, 4, 5 என்று சுழன்று வருகின்றன என்பது அழகான செய்தி. பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய மீதிகளைக் கொண்டு பொதுவான சோதனை முறையை எழுதி வைத்திருக்கிறார். அதற்கு ஒரு சனிக்கிழமை முழுவதையும் ஒதுக்கியிருக்க வேண்டும். என் மகள் பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

வகுப்பு தமிழில் நடக்கிறது. கூடவே காரணிக்கு ஃபக்தோர், மடங்குக்கு கண்டாஆன், மீதிக்கு பாக்கி என்று மலாய்ச் சொற்களும் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்தில் உள்ளன. நம் மளிகைக் கடைக்காரர் சொல்லும் அதே பாக்கிதான் என்பதால் பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய உதவி. இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றின் கணிதத்தில் இரண்டாம் பாடமே காரணிகளும் மடங்குகளும்தான்.

மையம் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் காரை நிறுத்த இடம் தேடி அலைவதைவிட கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து வருவது நல்லது. பதினான்கு பிள்ளைகளுக்கு அறை சற்று நெருக்கம்.

வாய்பாடு நன்றாகத் தெரிந்த ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைத் தயங்காமல் சேர்க்கலாம். கழித்தலிலேயே இன்னும் தடுமாறுகிறவர்களுக்கு இரண்டாம் வகுப்பே சுமையாகிவிடும். சேர்ப்பவர்கள் பணம் கட்டும்போதே 24-க்கான பக்கம் திருத்தப்பட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பேனாவால் 3, 8 என்று திருத்திவிட்டுப் பிள்ளையிடம் நூலைக் கொடுங்கள்.