ட்ரோபோனினா, என்டி-புரோபிஎன்பியா? சிறுநீரக நோயாளியின் இதயத்தை எந்தப் பரிசோதனை சரியாகக் காட்டும்

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களில் பலர், டயாலிசிஸ் செய்துகொள்ளும் நிலையை எட்டுவதற்கு முன்பே இதய நோயால் இறந்துவிடுகிறார்கள். இதயத்துக்கு வரவிருக்கும் ஆபத்தை ரத்தத்திலிருந்தே அறிய இன்று இரண்டு பரிசோதனைகள் முன்னிற்கின்றன. இதயத் தசை சேதமடையும்போது கசிவது ட்ரோபோனின். இதய அறையின் சுவர் அழுத்தத்தால் இழுபடும்போது சுரப்பது பிஎன்பியும் அதன் இணையான என்டி-புரோபிஎன்பியும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, இதயத்தில் புதிதாக எதுவும் நேராத நாளிலும் இவற்றின் அளவு உயர்ந்தே இருப்பதுதான் சிக்கல்.

நெஞ்சு வலி என்று நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வரும் ஒரு டயாலிசிஸ் நோயாளியை எடுத்துக்கொள்வோம். ட்ரோபோனினில் டி, ஐ என்ற இரு வகைகளை லேபுகள் அளக்கின்றன. மிகச் சிறிய அளவையும் கண்டறியும் உயர் உணர்திறன் ட்ரோபோனின் டி-யின் இயல்பு வரம்பு லிட்டருக்கு 14 நானோகிராம். அவருடைய ரிப்போர்ட்டில் 62 என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. இதை மட்டும் பார்த்து மாரடைப்பு என்று முடிவு கட்டுவதும் தவறு, 'கிட்னி நோயாளிக்கு இது எப்போதும் இப்படித்தான்' என்று வீட்டுக்கு அனுப்புவது அதைவிடப் பெரிய தவறு. மூன்று மணி நேரம் கழித்து மீண்டும் எடுக்கும்போது 64 என்று வந்தால் அது பெரும்பாலும் பழைய நிலை; 110 என்று ஏறியிருந்தால் புதிய சேதம் நடந்துகொண்டிருக்கிறது. ஏற்கெனவே உயர்ந்திருப்பவர்களிடம் 20 சதவீதத்துக்கு மேற்பட்ட ஏற்ற இறக்கத்தையே மருத்துவர்கள் கணக்கில் கொள்கிறார்கள். அசையாமல் நிற்கும் 62-உம் நல்ல செய்தி அல்ல. இதயத்தின் தடித்துப்போன இடது கீழறையும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் பாதிப்பும் அதற்குப் பின்னால் இருக்கக்கூடும். சிறுநீரக நோயாளிகளில் ட்ரோபோனின் டி, ஐ-யைவிட அதிகம் பேரிடம் உயர்ந்து காணப்படுகிறது. ஒரு முறை டி-யும் மறுமுறை ஐ-யும் எடுத்து அவற்றை ஒப்பிடுவதால் பயனில்லை.

மூச்சுத் திணறலும் கால் வீக்கமும்தான் தொல்லை என்றால் கேள்வியே வேறு. 108 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு மூலப் புரதம் பிளந்து, 32 கொண்ட பிஎன்பியாகவும் 76 கொண்ட என்டி-புரோபிஎன்பியாகவும் பிரிகிறது. பிஎன்பியை நீக்க உடலில் வேறு வழிகளும் உண்டு; என்டி-புரோபிஎன்பி சிறுநீரகத்தையே கூடுதலாக நம்பியிருப்பதால், வடிகட்டும் திறன் குறையக் குறைய அதுவே அதிகம் ஏறும். இதை வைத்துப் பிஎன்பியே மேல் என்று பலர் சொல்வார்கள். எனினும் நான் என்டி-புரோபிஎன்பியின் பக்கமே நிற்பேன். இதயச் செயலிழப்புக்குத் தரப்படும் சாகுபிட்ரில் மருந்து பிஎன்பியைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால், அந்த மருந்து சாப்பிடுபவரிடம் பிஎன்பியின் அளவு குழப்பிவிடும். தவிர, ரத்த மாதிரி எடுத்த குழாயிலேயே பிஎன்பி விரைவாகச் சிதையும். மாதிரி வேறு ஊர் லேபுக்குப் பயணப்படும் இடங்களில் இது சிறிய விஷயம் அல்ல. திடீர் மூச்சுத் திணறலில் என்டி-புரோபிஎன்பி மில்லிலிட்டருக்கு 300 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால், சிறுநீரக நோயாளியிடமும் இதயச் செயலிழப்புக்கு வாய்ப்பு மிகக் குறைவு. உயர்ந்திருந்தால்தான் தடுமாற்றம், அப்போது எக்கோ என்னும் இதய ஸ்கேன் இல்லாமல் முடிவுக்கு வரக்கூடாது. டயாலிசிஸுக்கு முன் எடுத்ததைப் பின் எடுத்ததோடு ஒப்பிடவும் கூடாது.

மற்ற போட்டியாளர்கள் இந்த இரண்டுக்கும் ஈடாகவில்லை. உடலின் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, டயாலிசிஸ் குழாயில் தொற்று வந்தாலும் ஏறும், பல் ஈறு வீங்கினாலும் ஏறும். கொழுப்பின் கதை இன்னும் விசித்திரமானது: டயாலிசிஸ் நோயாளிகளிடம் கொலஸ்ட்ரால் குறைவாக இருப்பது பெரும்பாலும் ஊட்டக்குறைவின் அடையாளம். 2005-இல் வெளியான 4டி ஆய்விலும் 2009-இல் வெளியான அரோரா ஆய்விலும் டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் தரப்பட்ட ஸ்டாட்டின் என்னும் கொழுப்பு மருந்து, கெட்ட கொழுப்பான எல்டிஎல்லைக் குறைத்தது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்த முதன்மை முடிவில் குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படவில்லை.

ஆகவே நெஞ்சு வலிக்கு மணிக்கணக்கில் திரும்ப எடுக்கும் ட்ரோபோனின், மூச்சுத் திணறலுக்கு என்டி-புரோபிஎன்பி என்பதே என் தேர்வு. உடல் நன்றாக இருக்கும் ஒரு நாளில் இரண்டையும் ஒரு முறை எடுத்து, கோப்பின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதி வைக்குமாறு உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். நள்ளிரவில் 62 என்ற எண்ணைப் பார்க்கும் மருத்துவர், மறுமாதிரி வருவதற்கு முன்பே அதைப் பழைய 60-உடனோ பழைய 25-உடனோ வைத்துப் பார்க்க முடியும்.