டைட் ஆப்: கடலுக்கு ஓகே, ஆத்துக்கு உதவாது

போட் எடுக்குறவங்க, தூண்டில் போடுறவங்க எல்லாம் போன்ல வச்சிருப்பாங்களே அந்த மாதிரி ஓதம் (கடல் தண்ணி மட்டம் ஏறி இறங்குறது) பாக்குற ஒரு டைட் ஆப் தான், பேர் வேணாம். கடலோரத்துக்கு மட்டும்னா தாராளமா போட்டுக்கலாம், ஏத்தம் எப்போ வத்தம் எப்போன்னு கரெக்டா சொல்லுது, பெரும்பாலான கரையில ஒரு ஏத்தத்துக்கும் அடுத்ததுக்கும் 12 மணி 25 நிமிஷம்ங்கிறதால தினமும் 50 நிமிஷம் போல தள்ளிப் போகும்ல, அந்தக் கணக்கையும் அதுவே பாத்துக்குது. அமாவாசை பௌர்ணமிய ஒட்டி கிராஃப் உசருது, அஷ்டமி பக்கம் படுத்துக்குது. சூப்பர்.

ஆத்துக்குள்ள போனா தான் வண்டவாளம் தெரியுது. முகத்துவாரம் தாண்டி மேப்ல எங்க பின் குத்தி வச்சாலும் பக்கத்துல கடல் மட்டம் அளக்குற ஸ்டேஷனோட கிராஃப அப்படியே தூக்கிப் போட்டுடுது, ஏற ஆறு மணி நேரம் இறங்க ஆறு மணி நேரம்னு. அட, ஓதம் உள்ள ஏறி வரவே நேரம் புடிக்கும், அதுலயும் தண்ணி ஆழமா இருக்குற ஏத்தம் வேகமா வரும், வத்தம் தரையில உரசி பின்தங்கும், எதிர்ல ஆத்துத் தண்ணி வேற தள்ளும், அதனால உள்ள போகப் போக ஏத்தம் சட்டுனு முடியும், வத்தம் இழுத்துக்கிட்டே கிடக்கும். இது முத்திப் போய் தான் சீனாவுல சியான்டாங், வங்காளத்துல ஹூக்ளி ஆத்துல எல்லாம் தண்ணி சுவர் மாதிரி எழும்பி வருது. அமேசான்ல கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் உள்ள இருக்குற ஒபிதோஸ் வரைக்கும் ஓதம் தெரியும், அங்க போய் கடல் டைம் பாத்து என்ன பண்றது?

அடுத்தது, நீரோட்டம் எந்தப் பக்கம்னு ஆப் காட்டுற அம்புக்குறி. மட்டம் உச்சிக்கு வந்ததும் அது வெளிப்பக்கம் திரும்பிடுது, ஆனா நிறைய கழிமுகத்துல அதுக்கப்புறமும் நீரோட்டம் கொஞ்ச நேரம் உள்ள தான் ஓடும், நங்கூரம் போட்ட போட் மூக்கு கடலப் பாத்தே நிக்கும். சில நேரம் மேல மிதக்குற குப்பை கடலுக்குப் போகும், அடியில தூண்டில் நூல் உள்பக்கம் இழுக்கும், உப்புத்தண்ணி கனம்ல, அடியோட அடியா நுழைஞ்சு வரும். ஒத்த அம்புல இதெல்லாம் எங்க காட்ட முடியும், சரி விடுங்க. மழை வெள்ளம், காத்தழுத்தம் எதுவும் கணக்குல இல்லன்னு ஒரு வரி போட்டிருக்கலாம், அதுவும் இல்ல.

காசு கட்டுனா கடல் டைமோட நாமளே நிமிஷம் கூட்டிக்கிற ஆப்ஷன் வருது, ஆனா ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் சேத்து ஒரே நம்பர் தான் போட முடியும். ரெண்டுக்கும் தனித்தனியா குடுத்தா மிச்ச ரெண்டு ஸ்டாரையும் போடுறேன், இப்போதைக்கு 3.