கிண்ணம் வந்தது, ரசம் வரவில்லை

ஆழ்வார்ப்பேட்டையில் பழைய பங்களா ஒன்றைப் புதுப்பித்து நடத்தும் அந்த உணவகத்துக்கு 2022 செப்டம்பர் முதல் ஏழு முறை போயிருக்கிறேன். ஐந்து முறை சொந்தக் காசு, ஒரு முறை அலுவலகக் காசு, ஒரு முறை மைத்துனர் காசு. எனவே இது ஒரே நாள் கோபத்தில் எழுதுவது அல்ல. பெயரைச் சொல்லப் போவதில்லை. தென்னிந்தியச் சமையலோடு ஜப்பானையும் தாய்லாந்தையும் மெக்சிகோவையும் கலந்து பரிமாறும் உயர்தர இடம் என்ற அளவில் போதும்.

ஃப்யூஷன் என்றாலே முகம் சுளிக்கிற கட்சி அல்ல நான். மிளகாயே போர்ச்சுகீசியர் கப்பலேறி வந்ததுதான். கோபி மஞ்சூரியனுக்கும் மஞ்சூரியாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் அது இல்லாத கல்யாண வரவேற்பு இன்று உண்டா? ருசி இருந்தால் எனக்கு ஆட்சேபம் கிடையாது. இங்கே ருசி இருக்கிறது.

முதலில் அந்த ரசம். வெள்ளைக் கிண்ணத்தில் காளான் அடைத்த டம்ப்ளிங், அதாவது கொழுக்கட்டை போன்றது, நான்கு, மேலே கொத்தமல்லித் தண்டு, வறுத்த பூண்டு. கிண்ணம் மேசைக்கு வந்ததும் சிறிய இரும்புக் கெண்டியிலிருந்து கொதிக்கும் மிளகு ரசத்தை நம் கண்முன்னே ஊற்றுவார்கள். ஆவி மூக்கில் ஏறும்போதே பாதி வயிறு நிறைந்துவிடும். முதல் தடவை ஊற்றியவர் ஐம்பது வயதைத் தாண்டிய கேப்டன், பரிமாறுபவர்களை மேற்பார்க்கிறவர். என் மாமியாரைப் பார்த்ததும் ‘மேடம்’ என்று சொல்லவில்லை. “அம்மா சைவமா? பூண்டு, வெங்காயம் சேர்ப்பீர்களா?” என்று கேட்டார். அந்தத் தாய்லாந்து கிரீன் கறிக் குழம்பின் மசாலா விழுதில் இறால் உண்டு, இந்தச் சாலட்டில் மீன் சாறு உண்டு என்று விரலால் காட்டித் தள்ளிவைத்தார். இரண்டாவது முறையும் அவரே. அதோடு நாங்கள் அந்த இடத்தின் ரசிகர்களாகிவிட்டோம்.

மூன்றாவது முறை ஒரு சனிக்கிழமை இரவு. கேப்டன் இல்லை. கிண்ணம் வந்தது, ரசம் வரவில்லை. வறண்ட கிண்ணத்தில் நான்கு டம்ப்ளிங்கும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. கை காட்டினால் பரிமாறுபவர்கள் நம் தலைக்கு மேலே எங்கோ பார்த்தபடி கடந்து போகிறார்கள். பத்து நிமிடம் கழித்து வந்த கெண்டியில் ரசம் ஆறியிருந்தது. கொண்டுவந்த பையன் அதை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நானே ஊற்றிக்கொண்டேன்.

பில் 4,200 ரூபாய். அதன் மேல் 10 சதவீத சேவைக் கட்டணம் 420. இரண்டையும் சேர்த்து 5 சதவீத ஜிஎஸ்டி 231. ஆக 4,851. ஊற்றாத ரசத்துக்குச் சேவைக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கும் வரி! உணவகங்கள் தாமாகவே இதைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டதால் அது நிறுத்திவைக்கப்பட்டிருந்த காலம். நான் நீக்கச் சொன்னதும் வாக்குவாதமே இல்லை. இரண்டு நிமிடத்தில் 4,410 என்று புதிய பில் வந்தது. அவ்வளவு வேகமாக வந்ததைப் பார்த்தால் தினமும் யாராவது கேட்கிறார்கள் என்றுதான் தோன்றியது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதலை உறுதிசெய்த பிறகு சேவைக் கட்டணம் பில்லிலிருந்து மறைந்துவிட்டது. ரசக் கிண்ணத்தின் விலை மட்டும் 525-லிருந்து 595 ஆனது.

அலுவலக விருந்தன்று கவனிப்பு தடபுடல். பதினான்கு பேர் மேசை என்றால் அப்படித்தான். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஐந்தாவது முறை நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மாமியாருக்கு மிசோ நூடுல்ஸ் சொன்னோம், புளிக்கவைத்த சோயா விழுது கரைத்த ஜப்பானிய சூப்பில் வருவது. சைவமா என்று கேட்டதற்கு, மெனுவைக்கூடப் பார்க்காமல் “நூறு சதவீதம் சைவம் சார்” என்று பதில் வந்தது. கிண்ணம் வந்ததும் எனக்குப் புகை கலந்த ஒரு வாடை தட்டியது. தூத்துக்குடிக்காரனுக்கு மாசிக்கருவாட்டு வாடையைச் சொல்லித்தரவேண்டியதில்லை. ஜப்பானியர்கள் சூப்புக்கு அடிப்படையாகச் சேர்க்கும் கட்சுவோபுஷியும் நம் மாசியும் ஒரே சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டு உலர்த்துவதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கரண்டி உள்ளே போயிருந்தது.

சமையலறைக்கு ஆள் அனுப்பிக் கேட்டோம். கடற்பாசியும் உலர்ந்த காளானும் போட்ட சைவச் சாறு அங்கே தனியாகவே இருக்கிறதாம். ஆர்டர் எடுத்தவர் அதைக் குறிக்காமல் விட்டிருக்கிறார். சமைத்தவர் சரி, சொன்னவர் தவறு. மாமியார் கரண்டியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்பாக டிராமிசு என்ற இத்தாலிய இனிப்பு ஒன்று இலவசமாக வந்தது, அதையும் அவர் தொடவில்லை. வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, மோர் சாதம் சாப்பிட்டார்.

பரிமாறுகிற இளைஞர்களில் பாதிப் பேர் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை என்று குறை சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அன்று ‘நூறு சதவீதம்’ சொன்னவர் நல்ல தமிழில்தான் சொன்னார். ஒவ்வொரு தட்டிலும் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்காமல் ஆளைத் தளத்தில் இறக்கிவிடுகிறார்கள். ஒருமுறை பார்த்த முகத்தை அடுத்த முறை நான் அங்கே பார்த்ததே இல்லை, கேப்டனைத் தவிர.

அப்புறமும் ஏன் போனேன் என்று கேட்கலாம். ஆறாவது முறை மைத்துனர் அழைத்தார், மறுக்க முடியவில்லை. நடுத்தரமான இரவு. ஏழாவது முறை நானே ஒரு செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குப் போனேன். கேப்டன் இருந்தார். ரசம் கொதித்தது. நண்டு மசாலா வைத்த மெக்சிகோ டாக்கோவை, அதன் மொறுமொறு ரொட்டி ஓடு நமுத்துப்போவதற்குள் சாப்பிடச் சொல்லி அருகிலேயே நின்றார். “அம்மா வரவில்லையா?” என்று கேட்டார். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை, உடம்பு சரியில்லை என்றேன்.

அடுத்த மாதம் எங்கள் திருமண நாள். மனைவிக்கு அந்த ரசம் வேண்டுமாம். நேற்று போன் செய்து மேசை பதிவுசெய்தேன். அன்று கேப்டன் பணியில் இருப்பாரா என்று கேட்டேன். காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போன பெண், நான்கு நிமிடம் வீணை இசை கேட்கவைத்த பிறகு திரும்பிவந்து, “இரண்டு பேருக்கு மேசை உறுதி சார்” என்றாள்.