மியாவா, குர்குர்ரா: எதை நம்பலாம்?

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் போடுவது அரிது. குட்டியில் தாயைக் கூப்பிட்ட குரலைத்தான் பிறகு நம்மிடம் காட்டுகின்றன. மியாவ் ஒரே மூச்சில் முடிந்துவிடும். குர்குர் அப்படியல்ல: மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நிற்காமல் ஓடும், பெரும்பாலும் 25-30 ஹெர்ட்ஸில். விலாவில் கை வைத்தால் அதிர்வு தெரியும்.

குர்குர் என்றாலே சந்தோஷம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வலியிலும் பிரசவத்திலும்கூட அது வரும். உடம்பைக் குறுக்கி, சாப்பாட்டைத் தொடாமல் குர்குர் செய்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பசிக்குர்குரில் குழந்தை அழுவது போன்ற கீச்சொலி கலந்திருக்கும், கெட்டிக்காரத்தனம்தான்!

தேவையைக் கண்டுபிடிக்க மியாவே மேல். ஆனால் விடிகாலைக் கத்தலுக்கு ஒருநாள் சோறு வைத்தால் மறுநாளும் எழுப்பும். ஆண்பூனை மணல்தட்டில் முக்கிக் கத்தியும் சிறுநீர் வராவிட்டால், அது அவசரம். உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.