க்வெரி டிராக்கர்: த்ரில்லர் நாவலுக்கு ஏஜென்ட் தேட 25 டாலர் கட்டலாமா?

ஆங்கிலத்தில் த்ரில்லர் எழுதி அமெரிக்காவின் பெரிய பதிப்பகங்களுக்குப் போக நினைத்தால், நடுவில் ஏஜென்ட், அதாவது எழுத்தாளர் சார்பில் நாவலைப் பதிப்பகத்துக்கு விற்றுத்தரும் முகவர், வேண்டும். நம்மூர் போலப் பதிப்பாளருக்கு நேராக அனுப்பினால் பெரும்பாலும் பிரிக்கக்கூட மாட்டார்கள். ஏஜென்ட்களைத் தேடவும், யாருக்கு எப்போது அனுப்பினோம் என்று கணக்கு வைக்கவும் பயன்படும் தளம் க்வெரி டிராக்கர். அடிப்படைச் சேவை இலவசம். பிரீமியம் ஆண்டுக்கு 25 டாலர். இதன் மறுபக்கம் க்வெரி மேனேஜர், அதாவது எழுத்தாளர்கள் அனுப்புவதை ஏஜென்ட்கள் பெற்றுப் பார்க்கும் இணையப் படிவம். மின்னஞ்சலே வேண்டாம், இந்தப் படிவம் மட்டும் போதும் என்கிற ஏஜென்ட்கள் நிறைய.

படிவத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். கட்டங்கள் ஏஜென்டுக்கு ஏஜென்ட் மாறும். க்வெரி கடிதம் (நாவலை ஏஜென்டுக்கு அறிமுகப்படுத்துவது), வார்த்தை எண்ணிக்கை, ஒப்பிடத்தக்க புத்தகங்கள் (நம் நாவலைப் போன்றவை), கதைச்சுருக்கம், முதல் சில பக்கங்கள் ஆகியவை வழக்கமானவை. அடிக்கடி தென்படும் இன்னொன்று ஒற்றை வரி பிட்ச், அதாவது கதையை ஒரே வாக்கியத்தில் சொல்லி ஈர்ப்பது. கடிதத்தை மாதக்கணக்கில் செதுக்கிவிட்டு, இந்தக் கட்டத்தை அங்கேயே உட்கார்ந்து அவசரமாக நிரப்புவார்கள். விளைவு இப்படி இருக்கும்: "ஒரு பெண்ணின் கடந்த கால ரகசியம் அவள் வாழ்க்கையையே புரட்டிப்போடுகிறது." இதை எந்த நாவலின் பின்னட்டையிலும் போடலாம்.

அதே கதையை இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "தான் தட்டச்சு செய்யாத ஒரு வரி சாட்சியப் பதிவில் இருப்பதைப் பார்க்கும் பாஸ்டன் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் வெள்ளிக்கிழமை தீர்ப்புக்குள் அதைச் சொல்லாவிட்டால் நிரபராதி சிறைக்குப் போவான்; சொன்னால், பழைய வழக்கொன்றில் அவரே பதிவைத் திருத்தியது வெளியே வரும்." யார், என்ன நடந்தது, எதற்குள் முடிக்க வேண்டும், எந்தப் பக்கம் போனாலும் என்ன இழப்பு என்ற நான்கும் வந்துவிட்டன. த்ரில்லருக்குக் கெடு முக்கியம். அது இல்லாத பிட்ச் குடும்ப நாவல் போலத் தொனிக்கும். நாயகியின் பெயரை இங்கே விடலாம், தொழிலை விடக்கூடாது.

கடிதம் 250 முதல் 350 வார்த்தைக்குள் இருக்கட்டும், முடிவைச் சொல்லக்கூடாது. கதைச்சுருக்கத்தில் கொலையாளி யார் என்பது உட்பட எல்லாவற்றையும் சொல்லியே ஆகவேண்டும். அங்கேயும் 'மீதியை நாவலில் காண்க' என்று நிறுத்துவது கெட்டிக்காரத்தனம் அல்ல, கதை முடிச்சு அவிழ்கிறதா என்று பார்க்கத்தான் அதைக் கேட்கிறார்கள். நாவல் 80,000 முதல் 1,00,000 வார்த்தை என்றால் கேள்வி வராது; 1,50,000 என்று நிரப்பினால், இன்னும் வெட்டவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். ஒப்பிடும் புத்தகங்கள் கடந்த ஐந்தாண்டுக்குள் வந்தவையாக இரண்டு போதும். உலகமே படித்த பெஸ்ட்செல்லரை இழுத்தால் எடுபடாது. வேர்டிலிருந்து ஒட்டும்போது பத்தி இடைவெளி கலையலாம், அனுப்புமுன் ஒருமுறை மேலிருந்து கீழே பாருங்கள்.

தளத்தின் குறைக்கு வருவோம். பதில் வர எத்தனை நாள், எத்தனை பேரிடம் முழுப் பிரதி கேட்டார்கள் என்ற விவரங்கள் பெரும்பாலும் உறுப்பினர்கள் தாங்களாகப் பதிவதுதான். பதிவு செய்யாதவர்கள் கணக்கில் இல்லை, ஆகவே அந்த எண்களைக் குத்துமதிப்பாகவே கொள்ள வேண்டும். உளவு, நீதிமன்றம், உளவியல் என்று த்ரில்லருக்குள் இருக்கும் பிரிவுகளையும் தேடல் பிரித்துக் காட்டாது. அதற்கு ஏஜென்ஸியின் சொந்தப் பக்கத்தைத்தான் படிக்க வேண்டும். பிட்ச் நன்றாக இருக்கிறதா என்று தளம் சொல்லப்போவதில்லை.

பிரீமியம் எப்போது தேவை? ஒரு ஏஜென்ட் சமீபத்தில் எந்த வகைக்குப் பதில் போட்டார், வரிசையில் வந்திருப்பவற்றை எதுவரை பார்த்து முடித்திருக்கிறார் என்று பார்ப்பதற்கு. பிட்ச் முடியுமுன் கட்டுவது வீண். அனுப்பத் தொடங்கும் மாதத்தில் கட்டினால் காசுக்கு மதிப்பு உண்டு. முதல் சுற்றில் எட்டுப் பத்துப் பேருக்கு அனுப்பினால் போதும். எல்லோரிடமிருந்தும் மறுப்பு மட்டுமே வந்தால் கடிதத்தையும் முதல் பக்கங்களையும் மாற்றிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம். ஒரே மூச்சில் எழுபது பேருக்கு அனுப்பியவருக்கு அந்த வசதி இல்லை. ஒரே ஏஜென்ஸியில் இருவருக்கு ஒரே நேரத்தில் அனுப்பவும் வேண்டாம். 'படித்துப் பார்க்கக் கட்டணம்' கேட்கும் ஏஜென்ட்டை அங்கேயே விட்டுவிடுங்கள். முறையான ஏஜென்ட் புத்தகம் விற்ற பிறகுதான் 15 சதவீதம் எடுப்பார்.