மூக்கு வழியாகவா, மண்டையைத் திறந்தா?

டர்பனில், சாட்ஸ்வொர்த் ஃபீனிக்ஸ் பக்கம் யாருக்காவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்ற ஹார்மோன் சுரப்பியில் கட்டி என்று தெரிந்தால், அறுவையைப் பற்றி வீட்டில் உடனே எழும் கேள்வி இதுதான். பெரும்பாலான பிட்யூட்டரி கட்டிகளுக்கு மூக்கு வழிதான் நல்லது என்பேன். தழும்பு தெரியாது என்பதற்காக அல்ல.

கட்டி இருப்பது கண் நரம்புகள் சந்திக்கும் இடத்துக்கு நேர் கீழே. மண்டையைத் திறந்தால் மூளையை ஒதுக்கி, அந்த நரம்புகளின் இடுக்கு வழியாகத்தான் கட்டியைத் தொட முடியும். 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள, உள்ளே பார்க்க உதவும் குழாயான எண்டோஸ்கோப்போ மூக்கின் பின்னாலுள்ள எலும்பறை வழியே கட்டியின் அடிக்கே போய்விடும். நரம்பின் மேலுள்ள அழுத்தம் விலகியதும், ஓரப் பார்வை மங்கியவர்களில் பலருக்குப் பார்வை தெளிகிறது.

ஆனால் கட்டி, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியைத் தாண்டிப் பக்கவாட்டில் பரவியிருந்தால் கதையே வேறு. அங்கே மண்டையைத் திறப்பதுதான் பாதுகாப்பு. முகர்வு நரம்பருகே வளரும் மெனிஞ்சியோமா என்ற மூளை உறைக் கட்டியிலும் அப்படித்தான்: வாசனை இன்னும் தெரிகிறதென்றால், அதைக் காப்பாற்ற மேலிருந்து போவதில்தான் வாய்ப்பு அதிகம்.

மூக்கு வழியின் பெரிய ஆபத்து மூளை நீர் கசிவு. மூக்கின் நடுச்சுவர் சவ்வை அதன் ரத்தக்குழாயோடு திருப்பி ஓட்டையை மூடும் முறை 2006-இல் வெளியானது; அதற்குப் பிறகு கசிவு வெகுவாகக் குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. அதனால்தான் வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்களுக்கு மூக்குச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், குனிந்து கனம் தூக்கக்கூடாது. தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொண்டவர்கள் டாக்டரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முருகன் அடுத்த வருஷம் வரை பொறுப்பான். குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டி, தொண்டையில் உப்புக் கரித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூளைக்காய்ச்சல் வரலாம்.

காமா நைஃப் என்ற, கத்தியில்லாத கதிர்வீச்சு சிகிச்சை கட்டியை எடுப்பதில்லை, வளராமல் தடுக்கிறது. மிஞ்சிய சிறு துண்டுக்கு நல்லது. பார்வை மங்கிக்கொண்டிருப்பவருக்கு உதவாது.

அப்புறம், கத்தி பேச்சுக்கு முன்னால் ப்ரோலாக்டின் என்ற, பால் சுரக்க வைக்கும் ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா? அதைச் சுரக்கும் வகைக் கட்டி பெரும்பாலும் காபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கிவிடும்.

டர்பனிலுள்ள பெரிய அரசு ஆஸ்பத்திரியான இன்கோசி ஆல்பர்ட் லுத்துலிக்கு நேரே போனால் பார்க்கமாட்டார்கள். உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். எங்கே செய்துகொண்டாலும் சர்ஜனிடம் கேளுங்கள்: இந்த அறுவையை வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், மூக்கு டாக்டரும் உங்களோடு நிற்பாரா?